ஒரே வழக்கு, இரண்டு வயது

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கூடவே நீங்கள் வைத்திருந்த எஃப்.ஐ.ஆர். நகல், தீர்ப்பு நகல், உங்கள் தம்பியின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் நகல் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தேன். பெயரும் ஊரும் வெளியே வரக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள், வராது. பதிலை மட்டும் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். ஊருக்கு நாலு வீட்டிலாவது இதே கவலை இருக்கிறது. வெளியே சொல்லக் கூசி உள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் எக்ஸ்பஞ்ச்மென்ட் என்று ஒன்று இருக்கிறதாம், கோர்ட்டில் மனுப் போட்டால் பழைய வழக்கின் பதிவையே அழித்துவிடுவார்களாம், நம் நாட்டில் அப்படி உண்டா என்பது உங்கள் கேள்வி. 18 வயது நிறைந்தவருக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. 18 நிறையாதவருக்கு இருக்கிறது, அதுவும் நல்ல சட்டமாகவே இருக்கிறது. 2019 மே மாதம் உங்கள் ஊர்க் கோயில் கொடையில் நடந்த அடிதடியில் உங்கள் இருவர் பெயரும் ஒரே எஃப்.ஐ.ஆரில் அடுத்தடுத்து இருக்கின்றன. அன்றைக்கு உங்களுக்கு வயது 21. தம்பிக்கு 'வயது 19' என்று எஃப்.ஐ.ஆர். சொல்கிறது. மதிப்பெண் சான்றிதழோ அவர் 2002 ஜனவரியில் பிறந்தவர் என்கிறது. அப்படியானால் சம்பவத்தன்று அவருக்கு 17தான் முடிந்திருந்தது. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வழக்கில் சேர்க்கப்பட்ட ஒன்பது பேருக்கும் ஒரே வக்கீல், ஒரே வாய்தா, ஒரே தீர்ப்பு என்று போன வழக்கில் வேறு யாரும் இதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. அதனால் உங்கள் இருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எஃப்.ஐ.ஆரைப் பாருங்கள். இந்திய தண்டனைச் சட்டம் (இ.த.ச.) 294(பி), 323, 506(i). தமிழ்நாட்டில் வரப்புச் சண்டை, குழாயடிச் சண்டை, திருவிழாச் சண்டை எதை எடுத்தாலும் இந்த மூன்று பிரிவுகளும் கூட்டாகத்தான் வரும். 'அசிங்கமான வார்த்தைகளால் திட்டி' என்றால் 294(பி). 'கையால் அடித்து' என்றால் 323. 'உன்னை ஒழித்துவிடுவேன் என்று மிரட்டி' என்றால் 506. 2024 ஜூலை 1இல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்த பிறகு இவை 296(பி), 115(2), 351 என்று எண் மாறியிருக்கின்றன. வாசகம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது.

கையால் அடித்த 323 மட்டும் என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணையில் இறங்க முடியாது. 294(பி) சேர்ந்துவிட்டால் ஸ்டேஷனிலேயே நேராக எஃப்.ஐ.ஆர். போட்டுவிடலாம். ஆனால் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் அதே 294(பி) இல்லை. அடித்ததை அடிபட்டவர் மன்னித்துவிடலாம்; கோர்ட் அதைப் பதிவு செய்தால் சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். திட்டியதற்கு மட்டும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சமரசம் கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, இரண்டு தரப்பும் சேர்ந்து அடுத்த வருடக் கொடையையும் நடத்தி முடித்த பிறகும் உங்கள் வழக்கு முடியாமல் நின்றது இதனால்தான்.

கடைசியில் என்ன நடந்தது என்பது தீர்ப்பில் இருக்கிறது. புகார் கொடுத்தவர் கூண்டில் ஏறி, கூட்டத்தில் யார் அடித்தது என்று தெரியாது என்றார். மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். எல்லோரும் பிறழ் சாட்சிகள். 'சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து' குற்ற விசாரணை முறைச் சட்டம் (கு.வி.மு.ச.) 255(1)ன்படி விடுதலை. ஊரில் இதைத்தான் ராஜியாகப் போனது என்கிறார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. சமாதானமான ஒருவரைச் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல வைக்காமலே இதை முடிக்க ஒரு வழி இருந்தது. இரு தரப்பும் கையெழுத்திட்ட சமரச மனுவோடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் வழக்கையே ரத்து செய்யக் கேட்டிருக்கலாம். சமரசப் பட்டியலில் இல்லாத பிரிவாக இருந்தாலும், இரு தரப்புக்கும் இடையிலான தனிப்பட்ட தகராறு என்றால் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று கியான் சிங் வழக்கில் 2012இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ரத்தான வழக்கில் விசாரணையும் இல்லை, சந்தேகமும் இல்லை, பலனும் இல்லை. இப்போது வழக்கு நடந்துகொண்டிருக்கிறவர்கள் இதைப் படித்தால், சாட்சி விசாரணை தொடங்குமுன் உங்கள் வக்கீலிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

உங்களுக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தீர்கள். காவலர் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறி, உடல்தகுதித் தேர்வில் ஓடி, கயிறு ஏறி எல்லாம் முடித்து, வெரிஃபிகேஷனில் நின்றுபோனீர்கள். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள்.

முதலாவது, தமிழ்நாடு காவல் பணி விதிகளில் 2003இல் சேர்க்கப்பட்ட ஒரு விளக்கம். சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்கிறது அது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் இந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. சாட்சியங்களை முழுக்க அலசி, அரசுத் தரப்பு நிரூபிக்கவே இல்லை என்று கோர்ட் கண்டு விடுவித்தால்தான் அது மரியாதையான விடுதலை. அல்லது விசாரணையிலேயே புகார் தவறு என்று கண்டு போலீஸ் எம்.எஃப். (மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்) போட்டு முடித்திருக்க வேண்டும். உங்கள் தீர்ப்பில் இருக்கிற அந்த இரண்டு சொற்கள் உங்களைக் காவல் பணிக்கு வெளியே நிறுத்தப் போதுமானவையாகிவிட்டன.

இரண்டாவது நீங்களே செய்துகொண்டது. படிவத்தில், குற்ற வழக்கு எதிலாவது சம்பந்தப்பட்டிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை'. கேஸ்தான் முடிந்துவிட்டதே, எதற்கு வம்பு என்று பிரவுசிங் சென்டரில் சொன்னதைக் கேட்டு அப்படிப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போட்டதிலிருந்து தீர்ப்பு வரை உங்கள் கையை மீறி நடந்தவை ஏராளம். அந்த ஒரு கட்டத்தில் என்ன எழுதுவது என்பது மட்டும்தான் முழுக்க உங்கள் கையில் இருந்தது.

இந்த விஷயத்தில் நாடு முழுக்கக் கையாளப்படும் தீர்ப்பு, அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 2016 ஜூலையில் சொன்னது. கொடுக்கிற தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அதைச் சொல்லிவிட்டு, இளம் வயதில் கோஷம் போட்டது மாதிரியான அற்ப விஷயத்தை ஒருவர் மறைத்திருந்தால், சொல்லியிருந்தாலும் அது அவரைத் தகுதியற்றவராக்கியிருக்காது என்னும்போது, வேலை கொடுப்பவர் அதை மன்னித்துவிடலாம் என்கிறது. படிவத்தின் கேள்வி தெளிவில்லாமல் இருந்தால், மறைத்ததாகக் குற்றம் சாட்ட முடியாது என்றும் சொல்கிறது. உங்களுக்கு உதவாத ஒன்றும் அதில் இருக்கிறது. உண்மையைச் சொன்னாலும், முடிந்துபோன வழக்கையும் எடைபோட்டுப் பார்க்கும் உரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு. நியமித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஆக, சொன்னால் வேலை உறுதி என்று நான் பொய்யான தைரியம் கொடுக்க மாட்டேன். சொன்னவருக்கு வழக்கின் தன்மையைப் பற்றி வாதாட இடம் இருக்கிறது. மறைத்தவரோ வழக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தன் நேர்மையைப் பற்றிப் பேச வேண்டியதாகிவிடுகிறது.

இதே உச்ச நீதிமன்றம் 2011இல் டெல்லி போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞர் வழக்கில் மிகப் பரிவோடு பேசியிருக்கிறது. அவரும் சமரசத்தில் முடிந்த அடிதடி வழக்கை மறைத்தவர்தான். இளைஞர்கள் இளைஞர்களாகத்தான் இருப்பார்கள், அந்த வயதில் செய்த தவறுக்காக ஆயுளுக்கும் குற்றவாளி என்று முத்திரை குத்தக் கூடாது என்ற பொருளில் எழுதிய நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, விக்டர் ஹ்யூகோவின் நாவலில் ஒரு ரொட்டியைத் திருடியதற்காகக் காலமெல்லாம் திருடனாகவே பார்க்கப்பட்ட ஜான் வல்ஜானை அந்தத் தீர்ப்பில் நினைவுகூர்ந்தார். அப்படி ஒரு தீர்ப்பும் நம்மிடம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். அதை மட்டும் நம்பி மறைக்கலாம் என்பதற்காக இல்லை.

உங்களைப் பொறுத்தவரை தமிழ்நாடு காவல் பணி கடினம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் உங்களுக்கு நன்மை இல்லை. ஆனால் அந்த 2003 விளக்கம் காவல்துறைப் பணி விதிகளில் இருப்பது. குரூப் 4, ரயில்வே, வங்கி என்று வேறு பக்கம் போகும்போது உங்கள் விண்ணப்பத்தை அவதார் சிங் தீர்ப்பின்படி எடைபோடச் சொல்லிக் கேட்கலாம். அங்கெல்லாம் 'ஆம்' என்று எழுதுங்கள். குற்ற எண், பிரிவுகள், கோர்ட், தீர்ப்புத் தேதி, விடுதலை என்ற விவரம் எல்லாம் எழுதித் தீர்ப்பின் நகலை இணையுங்கள். பாஸ்போர்ட் பற்றிப் பயப்பட வேண்டாம். 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு கோர்ட்டில் நிலுவையில் இருக்கிற வழக்கைப் பற்றியது. உங்கள் வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் ஸ்டேஷன் கணினியில் அது முடிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கோர்ட்டில் விடுதலையாகி வருடக்கணக்கான பிறகும் ஸ்டேஷன் பதிவில் 'விசாரணையில் உள்ளது' என்றே கிடக்கிற வழக்குகள் என்னிடம் அடிக்கடி வருகின்றன. தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு ஒரு மனு எழுதி ஸ்டேஷனில் கொடுத்து, மனு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் நடக்காது.

உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் மற்றவர்களுக்காக இரண்டு விஷயங்களை இங்கே சொல்லிவிடுகிறேன். சின்ன கேஸ்தானே, ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிடு, இன்றைக்கே முடிந்துவிடும் என்று கோர்ட் வளாகத்தில் யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ஒத்துக்கொண்டு கட்டுகிற ஃபைன், நூறு ரூபாயாக இருந்தாலும், தண்டனைதான். பின்னால் படிவத்தில் 'தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா' என்ற கேள்விக்கு அது 'ஆம்' ஆகிவிடும். குற்றம் நிரூபணமாகிவிடும் என்ற நிலை வந்தால், 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின்படி எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடும்படி வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். 21 வயது நிறையாதவர் என்றால், ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் அல்லாதபோது, காரணம் எழுதாமல் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. 12ஆம் பிரிவு இன்னும் முக்கியம். அப்படி விடப்பட்டவருக்கு, தண்டனையால் வருகிற தகுதியிழப்பு எதுவும் வராது. பதிவு அழியாதுதான், ஆனால் அதன் கொடுக்கு ஒடிகிறது. வயது வந்தோருக்கு நம் சட்டத்தில் எக்ஸ்பஞ்ச்மென்டுக்கு மிக அருகில் வருவது இந்த ஒரு வரிதான். அதைத் தீர்ப்பு நாளன்றே கேட்டு வாங்க வேண்டும். மாதக்கணக்கில் கழித்து ஞாபகம் வந்தால் கஷ்டம்.

இன்னொன்று, எஃப்.ஐ.ஆர். போட்டு, சார்ஜ் ஷீட்டே போடாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கிற வழக்குகள். 2024 ஜூலைக்கு முன் பதிவான வழக்கில், மூன்று வருடம் வரை தண்டனையுள்ள குற்றமானால் மூன்று வருடத்துக்குள் சார்ஜ் ஷீட் கோர்ட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஒரு வருடம் வரையான குற்றத்துக்கு ஒரு வருடம். அபராதம் மட்டும் என்றால் ஆறு மாதம். கெடு தாண்டிய வழக்கை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றம் போகலாம். பேரணி, மறியல் என்று போய் எஃப்.ஐ.ஆரில் 'மற்றும் பலர்' கணக்கில் பெயர் ஏறிய மாணவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இனி உங்கள் தம்பி விஷயம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 2016 ஜனவரி 15இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் ஊர்ச் சண்டை நடந்தபோது அது மூன்று வருடச் சட்டம். 18 நிறையாத ஒருவரை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெரியவர்களோடு சேர்த்து விசாரிக்கக் கூடாது என்று அதன் 23ஆம் பிரிவு சொல்கிறது. அவரை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். மூன்று வருடம் வரை மட்டுமே தண்டனையுள்ள சிறு குற்றமானால் குழுமம் நான்கு மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும். நீட்டித்தால் இன்னும் இரண்டு மாதம். அதற்குள் முடியாவிட்டால் நடவடிக்கையே முடிந்துபோகும். உங்கள் தம்பி உங்களோடு சேர்ந்து வாய்தா வாய்தாவாக அலைந்ததில் ஐ.டி.ஐ. படிப்பையே பாதியில் விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி அந்த அலைச்சலே அவருக்கு வந்திருக்கக் கூடாது. அவர் தனியாகச் சம்பந்தப்பட்டிருந்தால் எஃப்.ஐ.ஆரே போடக் கூடாது, ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் எழுதி, குடும்பச் சூழல் அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்கின்றன மத்திய அரசின் 2016 மாதிரி விதிகள். பெரியவர்கள் சேர்ந்திருந்ததால் எஃப்.ஐ.ஆர். போட வழி இருந்தது. வயதைக் குத்துமதிப்பாக 19 என்று எழுத மட்டும் எந்த விதியிலும் வழி இல்லை.

நீங்கள் கேட்ட அழிப்பு இந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று, சிறப்பான சூழ்நிலை தவிர மற்ற எல்லா நேரத்திலும் குழந்தையின் பழைய பதிவுகள் நீக்கப்பட வேண்டும் என்பது. 24ஆம் பிரிவு, குற்றம் செய்ததாகவே முடிவானாலும் அதனால் அந்தப் பிள்ளைக்குத் தகுதியிழப்பு வராது என்கிறது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகு தண்டனைப் பதிவுகளை அழிக்கும்படி போலீசுக்குக் குழுமம் உத்தரவிட வேண்டும் என்றும் சொல்கிறது. மாதிரி விதிகள் அதற்கு அதிகபட்சம் ஏழு வருடம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. 16 வயது நிறைந்து, மிகக் கொடிய குற்றத்துக்காகக் குழந்தைகள் நீதிமன்றத்தில் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. திட்டியதும் அடித்ததும் அந்த வகையில் வராது. இவற்றைவிட உங்கள் தம்பிக்கு உடனடியாக உதவப்போவது 74ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு. வழக்கு முடிந்த பிறகு, நன்னடத்தைச் சான்றிதழுக்காகவோ வேறெதற்காகவோ அந்தப் பிள்ளையின் பதிவைப் போலீஸ் வெளியிடக் கூடாது.

இதையெல்லாம் எழுதும்போது என் மனம் ஒரே சமயத்தில் மகிழ்கிறது, கொதிக்கிறது. இவ்வளவு தாராளமான சட்டம், ஒரு பிள்ளையின் வயதை யாரும் சான்றிதழைப் பார்த்து எழுதாததால் அவனைத் தொடாமலே போயிருக்கிறது.

ஆனால் காலம் கடந்துவிடவில்லை. சம்பவத்தன்று நான் 18 நிறையாதவன் என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், வழக்கு முழுக்க முடிந்த பிறகும்கூட எழுப்பலாம், அதைக் கோர்ட் ஏற்றுப் பரிசீலிக்க வேண்டும் என்று 9(2) பிரிவு சொல்கிறது. வயதை நிரூபிக்க 94ஆம் பிரிவு வரிசை வகுத்திருக்கிறது. பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதலில். அது இல்லையென்றால் ஊராட்சி, நகராட்சி தருகிற பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு முதிர்ச்சிப் பரிசோதனை. தம்பியிடம் முதல் ஆதாரமே இருக்கிறது. விடுதலைத் தீர்ப்பு வந்த அதே கோர்ட்டில் மனுச் செய்வதா, மதுரைக் கிளைக்குப் போவதா என்பதைப் பதிவுகளைப் பார்த்து வக்கீல் முடிவு செய்யட்டும். மத்தியப் பாதுகாப்புப் படை ஒன்றில் இதே மாதிரி ஒருவர் வழக்கு 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வரை போனது. சிறுவனாக இருந்தபோது வந்த வழக்கு, பெரியவனான பிறகு விடுதலை, ஆனாலும் வேலை மறுப்பு. குற்றம் நிரூபணமாகியிருந்தாலே அதை வைத்து வேலை மறுக்க முடியாது, விடுதலையான பிறகு கேட்பானேன் என்ற வகையில் கோர்ட் அவர் பக்கம் நின்றது. உங்கள் தம்பிக்கு அந்தத் தீர்ப்பு கைகொடுக்கும்.

படிவத்தில் அவர் என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். சட்டமே வெளியிடக் கூடாது என்கிறபோது அவர் ஏன் சொல்ல வேண்டும் என்ற வாதம் வலுவானதுதான். ஆனாலும் அவருடைய பெயர் 19 வயதுக்காரராக ஸ்டேஷன் பதிவில் கிடக்கிற வரை நான் அந்த வாதத்தை வைத்துச் சூதாட மாட்டேன். 'சம்பவத்தன்று வயது 17, வழக்கு விடுதலையில் முடிந்தது, இளைஞர் நீதிச் சட்டம் 24, 74(2) பிரிவுகளின் பாதுகாப்பைக் கோருகிறேன்' என்று எழுதிச் சான்றிதழ் நகலை இணைப்பதே நல்லது.

கூகுளில் உங்கள் பெயரை அடித்தால் வருகிறதா என்ற பயத்தையும் எழுதியிருந்தீர்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி, சில வகை வழக்குகள் தவிர, எஃப்.ஐ.ஆர்.கள் 24 மணி நேரத்தில் போலீஸ் இணையதளத்தில் ஏற வேண்டும். குடிமக்களின் உரிமைக்காக வந்த நல்ல உத்தரவுதான் அது. ஏறிய பெயர் விடுதலைக்குப் பிறகு எப்படி இறங்கும் என்பதற்குத்தான் வழி அமைக்கவில்லை. நம் உயர் நீதிமன்றத்திலேயே, விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பெயரை மறைக்கக் கேட்டார். 2021 ஆகஸ்டில் மறுக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சாதகமாகச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. இதை நம்பி இப்போது பணம் செலவழிக்க வேண்டாம்.

அமெரிக்காவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. சில இடங்களில் பதிவை அழிக்கிறார்கள், சில இடங்களில் பொதுமக்கள் பார்வையிலிருந்து மூடிவைக்கிறார்கள். பென்சில்வேனியா 2018இல் கொண்டுவந்த சட்டம் எனக்குப் பிடித்தது. தகுதியான சிறு வழக்குகளை, யாரும் மனுப் போடாமலே, காலம் முடிந்ததும் கணினியே மூடிவிடுகிறது. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டின் சட்டப்படி, குறிப்பிட்ட காலம் குற்றம் செய்யாமல் இருந்தால் பழைய சிறு தண்டனை செலவழிந்துபோனதாகக் கருதப்படுகிறது. பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் விசாவில் இருக்கிற நம்மவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மாநிலக் கோர்ட் அழித்துவிட்டாலும், அந்த நாட்டின் குடியேற்றச் சட்டம் பெரும்பாலும் அந்தத் தண்டனையைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது.

நமக்கு ஏன் இப்படி ஒரு சட்டம் இல்லை? அரசு நினைத்தால் முடியாதது இல்லை. ஊரடங்கை மீறியதாகப் போட்ட வழக்குகளில் சுமார் 10 லட்சத்தை, வன்முறை போன்றவை நீங்கலாக, கைவிடுவதாகத் தமிழ்நாடு அரசு 2021 பிப்ரவரியில் அறிவித்தது. கூடங்குளம் போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்கும்படி 2013 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொன்னது. கூட்டமாக இருந்தால் கதவு திறக்கிறது. தனியாக ஒருவர், ஒரு சின்ன வழக்கோடு, பத்து வருடம் ஒழுங்காக வாழ்ந்துவிட்டு வந்து நின்றால் அவருக்குத் தட்டக்கூட ஒரு கதவு இல்லை. இது அநியாயம் என்று நினைக்கிறேன். 17 வயது 11 மாதத்தில் திட்டியவருக்குப் பதிவையே அழிக்கிற சட்டம், 18 வயது ஒரு மாதத்தில் அதே வார்த்தையைச் சொன்னவரை ஆயுள் முழுக்கப் படிவத்துக்குப் படிவம் பதில் சொல்ல வைக்கிறது. சிறு குற்றங்களுக்காவது, சில வருடம் கழிந்த பிறகு பெரியவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு நீள வேண்டும். அதற்கு நாடாளுமன்றமோ சட்டமன்றமோ மனம் வைக்க வேண்டும். ஆனால் அந்த 2003 விளக்கத்தைத் திருத்தி, சிறு வழக்குகளில் பிறழ் சாட்சியால் விடுதலையானவர்களையாவது ஒவ்வொருவராக எடைபோட்டுப் பார்க்கச் சொல்ல, சென்னைக் கோட்டையில் ஓர் அரசாணை போதும். இதை நீங்களும் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்.

நாளைக்கே செய்ய வேண்டியவை என்று பார்த்தால், கோர்ட்டில் நகல் மனுப் போட்டு எஃப்.ஐ.ஆர்., சார்ஜ் ஷீட், தீர்ப்பு எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். உங்களிடம் இருப்பது வெறும் ஜெராக்ஸ். வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தாலும், பட்டியல் சாதியினராக இருந்தாலும் வக்கீலை இலவசமாகவே வைத்துத் தருவார்கள். போகுமுன் 15100 என்ற எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். தம்பியின் மனுவையும் உங்களுடையதையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம். ஏற்கெனவே ஒருமுறை சேர்த்து விசாரித்ததில்தான் அவருடைய வயது காணாமல் போனது. அவருடைய மதிப்பெண் சான்றிதழின் அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். கேட்கிற இடத்தில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி வையுங்கள். பள்ளிக்கும் ஒருமுறை போய், சேர்க்கைப் பதிவேட்டில் அதே பிறந்த தேதி இருக்கிறதா என்று பார்த்து, தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் ஒரு சான்று வாங்கிவிடுங்கள். இரண்டு தேதியும் ஒன்றாக இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மனுவின் வரைவை நான் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நலம் விரும்பி